கல்லீரல் கேன்சருக்கு உள்ள விடுற எண்ணெய்: அது என்ன, எங்க சறுக்குது, எப்படி சரி பண்ணப் பாக்குறாங்க

எண்ணெய்னா தண்ணியில மிதக்கும், இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, பாம்பன்லயோ மண்டபத்துலயோ போட்டு கட்டுற இடத்துல நின்னா டீசல் படலம் வானவில் கலர்ல மிதக்குறதை தினமும் பாக்கலாம். ஆனா கல்லீரல் கேன்சருக்கு ரத்தக்குழாய் வழியா உள்ள விடுற லிப்பியோடால்ங்கிற எண்ணெயை ஒரு டம்ளர் தண்ணியில ஊத்துனா நேரா அடிக்கு போயிரும். ஒரு மில்லி 1.28 கிராம் எடை, தண்ணியை விட கனம். சின்ன விஷயமா தெரியும், ஆனா இந்த எண்ணெயோட பலம் பலவீனம் ரெண்டுக்கும் வேர் இங்கதான் இருக்கு.

இப்போ குழப்பம் எங்க வருதுன்னா, ஒரு பக்கம் "கசகசா எண்ணெய் கேன்சரை கரைக்குது"ன்னு ஃபார்வர்ட் சுத்துது, இன்னொரு பக்கம் "நானோ எண்ணெய், கட்டியை பட்டினி போட்டு கொல்லும் புது கண்டுபிடிப்பு"ன்னு செய்தி வருது, ரெண்டையும் சேத்து படிக்கிறவங்க மதுரையில டாக்டர் "டேஸ் பண்ணலாம்"னு சொன்னதும் அது இதுதானா வேறயான்னு முழிக்கிறாங்க. அதனால அடியில இருந்து வருவோம்.

ஈரலுக்கு ரெண்டு லைன்

பெரும்பாலான உறுப்புக்கு ரத்தம் வர்றது தமனி வழியா மட்டும்தான். ஈரலுக்கு ரெண்டு வழி. குடல்ல இருந்து சத்தை எடுத்துக்கிட்டு வர்ற போர்ட்டல் சிரை ஒண்ணு, ஈரலுக்கு வர்ற ரத்தத்துல சுமார் 75 சதவீதம் இது வழியாத்தான் வருது. இன்னொண்ணு ஹெபாடிக் தமனி, அதுல வர்றது மீதி 25 சதவீதம்.

நம்ம பக்கம் வீடுகள்ல காவிரி கூட்டுக்குடிநீர் ஒரு லைன், போர் தண்ணி ஒரு லைன்னு இருக்கும்ல, அது மாதிரி நினைச்சுக்கோங்க. ஈரல்லயே கிளம்புற கேன்சர் கட்டி, அதாவது ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா, வளர வளர அதுக்கு வேண்டிய ரத்தத்தை கிட்டத்தட்ட முழுசா தமனி லைன்ல இருந்துதான் இழுக்குது. அப்போ அந்த லைனோட கட்டிக்குப் போற கிளையை மட்டும் அடைச்சா கட்டி காயும், ஈரல் இன்னொரு லைன்ல பொழைச்சுக்கும். எம்போலைசேஷன்னா இந்த அடைப்புதான். அடைக்கும்போதே கீமோ மருந்தையும் சேத்து அங்கேயே விட்டா கீமோ எம்போலைசேஷன், அதைத்தான் சுருக்கமா டேஸ்னு சொல்றாங்க.

இதுலயே ஒரு எச்சரிக்கையும் இருக்கு. சிலருக்கு போர்ட்டல் சிரையில ஏற்கனவே ரத்தக்கட்டோ கட்டியோ போய் அடைச்சிருக்கும், சிலருக்கு ஈரல் சுருக்கம் முத்தி மஞ்சக்காமாலையும் வயித்துல நீர் கோக்குறதுமா இருக்கும், அவங்களுக்கு தமனி லைனையும் அடைச்சா கட்டியோட ஈரலும் போயிரும். "பக்கத்து வீட்டுக்காரருக்கு பண்ணாங்க எங்க அப்பாவுக்கு ஏன் மாட்டேங்கிறாங்க"ங்கிற கேள்விக்கு பல நேரம் பதில் இதுதான், டாக்டருக்கு மனசில்லாம இல்ல.

கசகசாவும் கடல்பாசியும்

லிப்பியோடால் ஒண்ணும் புதுசு இல்ல. 1901ல பாரிஸ்ல மார்செல் கெர்பேங்கிற மருந்தியல்காரர் கசகசா விதையில எடுத்த எண்ணெயோட அயோடினை வேதி முறையில பிணைச்சு உருவாக்குனது. ஆமா, நம்ம குருமாவுல அரைச்சு ஊத்துற அதே கசகசாதான், கல்ஃபுக்கு போற புள்ளைங்க பெட்டியில தெரியாம கூட வச்சிறக்கூடாதுன்னு கீழக்கரை தொண்டி பக்கம் வீட்டுக்கு வீடு சொல்லி அனுப்புறாங்களே அதேதான். ஆனா விதை எண்ணெயில போதைச் சமாச்சாரம் இருந்தா பேருக்குத்தான், மருந்தா வர்றது அந்த எண்ணெயோட கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டரா மாத்தி அயோடின் ஏத்துனது. ஒரு மில்லிக்கு 480 மில்லிகிராம் அயோடின், அதாவது எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல. கனமா இருந்து தண்ணியில மூழ்குறதுக்கு இதுதான் காரணம், எக்ஸ்ரேல வெள்ளையா பளிச்சுன்னு தெரியிறதுக்கும் இதுதான் காரணம்.

அயோடினுக்கும் நம்ம கடற்கரைக்கும் ஒரு தூரத்து சொந்தம் உண்டு. 1811ல பிரான்ஸ்ல பெர்னார்ட் கூர்த்துவாங்கிறவர் வெடிமருந்து உப்புக்காக கடல்பாசிய எரிச்ச சாம்பல்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தப்பதான் ஊதா கலர்ல ஆவி கிளம்பி அயோடின்னு ஒண்ணு இருக்கிறதே தெரிஞ்சது. பாசிக்கு இந்தக் கட்டுரையில இன்னொரு வேலையும் இருக்கு, அதை பின்னாடி சொல்றேன்.

1921 வாக்குல சிக்கார், ஃபோரஸ்டியேன்னு ரெண்டு பிரெஞ்சு டாக்டருங்க இதை உடம்புக்குள்ள விட்டு எக்ஸ்ரே எடுக்கலாம்னு காட்டுனாங்க, அதுல இருந்து ரொம்ப வருஷம் இது படம் பிடிக்கிற எண்ணெய் மட்டும்தான். கேன்சர் பக்கம் இழுத்தது ஜப்பான்காரங்க. ஒசாகாவுல யமாடா குழு 1970கள் கடைசியில தமனியை ஜெலட்டின் துண்டு வச்சு அடைக்கிறதை ஆரம்பிச்சாங்க, 1980கள்ல குமமோட்டோவுல கொன்னோ, மயேடா குழு இந்த எண்ணெயை தமனியில விட்டா அது கட்டிக்குள்ள போய் வாரக்கணக்குல தங்குது, நல்ல ஈரல்ல இருந்து மெல்ல கழுவிட்டு போயிருதுன்னு பாத்தாங்க. காரணம் என்னன்னா கட்டியோட ரத்தக்குழாய் ஓட்டையும் ஒடசலுமா கசியும், அதோட நல்ல ஈரல்ல எண்ணெயை விழுங்கி துப்புரவு பண்ற குப்ஃபர் செல்கள் கட்டியில கிட்டத்தட்ட கிடையாது.

சுருக்கமா, எண்ணெய் கேன்சரை கரைக்கல. கட்டியை தேடிப்போய் உக்காந்துக்கும், உக்காந்த இடத்தை நமக்கு காட்டும், கொஞ்சம் அடைக்கவும் செய்யும். கசகசா எண்ணெயை வாங்கி குடிச்சா இதுல ஒண்ணுகூட நடக்காது, அது வெறும் சமையல் எண்ணெய் மாதிரி செரிச்சு போயிரும்.

ரூமுக்குள்ள நடக்குறது

1. தொடை மடிப்புலயோ மணிக்கட்டுலயோ தமனியில ஊசி போட்டு கம்பி விட்டு அதுமேல குழாயை ஏத்துறாங்க. இந்த வித்தையை 1953ல சுவீடன்ல செல்டிங்கர்னு ஒருத்தர் சொல்லிக்கொடுத்தது, இன்னைக்கும் ஆஞ்சியோ பண்ற எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. மயக்கம் பெரும்பாலும் கொடுக்குறதில்ல, மரத்துப்போற ஊசிதான்.

2. எக்ஸ்ரே பாத்துக்கிட்டே ஹெபாடிக் தமனிக்கு போய், அதுக்குள்ள இன்னும் மெல்லிசா மைக்ரோகதீட்டர் விட்டு கட்டிக்கு போற கிளைக்கு எவ்வளவு கிட்ட போக முடியுமோ போறாங்க.

3. டாக்ஸோரூபிசின் மாதிரி ஒரு கீமோ மருந்தை தண்ணி வகை திரவத்துல கரைச்சு லிப்பியோடாலோட கலந்து, கலவையை மெதுவா விடுறாங்க. எண்ணெய் பொதுவா 5ல இருந்து 15 மில்லிக்குள்ள. அதுக்கு மேல போனா எண்ணெய் ஈரலைத் தாண்டி நுரையீரலுக்கு போயி மூச்சுத்திணறல் வர்ற ஆபத்து ஏறிக்கிட்டே போகும்.

4. கடைசியா ஜெலட்டின் துண்டுகளை விட்டு கதவை சாத்துறாங்க.

அடுத்த சில நாள் காய்ச்சல், வலது பக்க வயித்துவலி, குமட்டல் வரும், அடைப்புக்கு பின்னாடி வர்ற வழக்கமான தொந்தரவுதான், ஆனா காய்ச்சல் விடாம அடிச்சா சீழ் கட்டியான்னு பாக்கணும்.

இது வேலை செய்யுதான்னா, செய்யுது. 2002ல பார்சிலோனாவுல ஒரு சோதனை, ஹாங்காங்ல ஒரு சோதனை, ரெண்டுலயும் இந்த சிகிச்சை எடுத்தவங்க எடுக்காதவங்களை விட அதிக நாள் இருந்தாங்க. பார்சிலோனாவுல ரெண்டு வருஷம் தாண்டுனவங்க 63 சதவீதம், ஆறுதல் சிகிச்சை மட்டும் எடுத்த பக்கம் 27 சதவீதம். அப்புறம் 2016ல 10,000க்கு மேல நோயாளிங்க இருந்த ஆய்வுகளை ஒண்ணா சேத்து பாத்ததுல கட்டி கணிசமா சுருங்குனது 52.5 சதவீதம் பேருக்கு, நடுமட்ட ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டுன காலம், 19.4 மாசம். இந்த நம்பரை ரெண்டு விதமா படிக்கலாம். பாதிப் பேருக்கு மேல கேட்டுச்சு, சரி, ஆனா மீதி கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு கேக்கல. எண்ணெயை மாத்தணும்னு இத்தனை பேர் மண்டையை உடைச்சுக்கிறது அந்த மீதிக்காகத்தான்.

சறுக்குற இடம்: பால் மாதிரி ஆன இன்ஜின் ஆயில்

போட்டு இன்ஜினுக்குள்ள கடல் தண்ணி ஏறிட்டா ஆயில் என்ன ஆகும்னு இந்தப் பக்கத்துல மெக்கானிக்கையே கேக்க வேண்டாம், கூட போற பையனே சொல்லுவான், டிப்ஸ்டிக்கை உருவுனா பால் காப்பி கலர்ல வழவழன்னு இருக்கும். அது எமல்ஷன். எண்ணெய்க்குள்ள தண்ணி குட்டிக்குட்டி துளியா மாட்டிக்கிட்டு கிடக்கு. டேஸ்ல விடுறதும் அதே ரகம்தான், எண்ணெய்க்குள்ள மருந்துத் தண்ணி துளித்துளியா, கலர்தான் வேற, டாக்ஸோரூபிசின் சிவப்புங்கிறதால ஆரஞ்சா இருக்கும்.

ஆனா இன்ஜின் ஆயில்ல எண்ணெயையும் தண்ணியையும் சேத்து பிடிச்சு வைக்கிற சேர்மானங்கள் கம்பெனியிலயே போட்டு வருது, இன்ஜினும் நிக்காம கலக்கிக்கிட்டே இருக்கு. லிப்பியோடால்ல அப்படி ஒண்ணும் கிடையாது. டாக்டரோ டெக்னீஷியனோ ரெண்டு சிரிஞ்சை ஒரு மூணு வழி திருகுல மாட்டி இங்கிட்டும் அங்கிட்டும் ஒரு இருபது தடவை தள்ளி கையாலதான் கலக்குறாங்க. வெளிய வச்சா கொஞ்ச நேரத்துலயே பிரிய ஆரம்பிச்சிரும். இதுல இருந்துதான் எல்லா சிக்கலும் கிளை விடுது.

1. மருந்து தங்க மாட்டேங்குது. எமல்ஷன் உடைஞ்சதும் தண்ணியில கரைஞ்ச மருந்து ரத்தத்தோட ஓடிருது. எண்ணெய் கட்டியிலயே வெள்ளையா உக்காந்திருக்கும், ஸ்கேன் பாத்தா அருமையா நிறைஞ்சிருக்கும், உள்ள மருந்து எப்பவோ காலி. காலி டப்பாவை பாத்து கடை நிறைய சரக்குன்னு நினைக்கிற கதை.

2. ஆளுக்கு ஆள் கை வேற. ஒருத்தர் வேகமா தள்ளுவார் ஒருத்தர் மெதுவா, ஒருத்தர் எண்ணெய் அதிகம் போடுவார் ஒருத்தர் தண்ணி அதிகம், துளியோட அளவே மாறிப்போகும். தண்ணி அதிகமா போனா எமல்ஷன் தலைகீழா புரண்டு, தண்ணிக்குள்ள எண்ணெய் துளின்னு ஆயிரும், அது கட்டியில குறைவா தங்கும். நுரையீரல் பக்கம் அதிகமா போகும்.

3. எண்ணெய் மட்டுமே முழு அடைப்பு இல்ல. அது ஓடுற பொருள், தமனியில இருந்து நுண்குழாய் வழியா போர்ட்டல் பக்கம் வரைக்கும் தாண்டிப் போகும். இது நல்லதும்தான், கட்டியோட ஓரத்துல ரெண்டு லைன்ல இருந்தும் குடிக்கிற செல்களை ரெண்டு பக்கமும் அடைக்குது, திடமான மணி எதாலயும் இது முடியாது. ஆனா ஓடுற பொருள் ஒரே இடத்துல உறுதியா நிக்காது, அதான் பின்னாடியே ஜெலட்டின்.

4. பட்டினி போட்ட கட்டி சும்மா சாகுறதில்ல. ஆக்சிஜன் குறைஞ்சதும் உயிர் தப்புன செல்கள் ஹிஃப்னு ஒரு புரதத்தை ஏத்தி, அது விஈஜிஎஃப்ங்கிற சிக்னலை அனுப்பி புது ரத்தக்குழாயை வரவைக்கும். அடைச்சதாலயே புது லைன் போடத் தூண்டுறோம், கொடுமை.

மணி வந்துச்சு, ஆனா எண்ணெய் போகல

2000கள்ல மருந்து ஏத்துன மணிகள் வந்துச்சு. ஜவ்வரிசி மாதிரி உருண்டை, ஆனா தலைமுடி தடிமன்ல இருந்து மேல, டாக்ஸோரூபிசினை உறிஞ்சி வச்சுக்கிட்டு நாள்கணக்குல மெதுவா விடும். மேல சொன்ன முதல் ரெண்டு சிக்கலும் தீந்துச்சுல்ல, அப்போ கதை முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

முடியல. 2010ல 212 பேரை வச்சு ஐரோப்பாவுல நடந்த சோதனையில மணிக்கு 52 சதவீதம் எண்ணெய்க்கு 44 சதவீதம்னு பதில் வந்துச்சு, பதில்னா கட்டி சிகிச்சைக்கு கேக்குறது, வித்தியாசம் தற்செயல்னு சொல்லிற முடியுற அளவுதான், ஆனா மணி பக்கம் ஈரல் பாதிப்பும் கீமோ பக்கவிளைவும் குறைவு. 2014ல இத்தாலியில 177 பேர், ரெண்டு வருஷம் தாண்டுனவங்க மணிக்கு 56.8 சதவீதம், எண்ணெய்க்கு 55.4 சதவீதம். வலி மட்டும் மணிக்கு குறைவு. ஆக மருந்தை அழகா பிடிச்சு வச்சு மெதுவா விட்டும் ஆயுள் நீளல. மணி கட்டியோட நுண்குழாய்க்குள்ள எண்ணெய் போற ஆழத்துக்கு போறதில்ல, சாதாரண மணி எக்ஸ்ரேல தெரியிறதும் இல்ல.

எனக்கு தோணுறது, இந்த ரெண்டு சோதனையாலதான் ஆராய்ச்சி மறுபடி எண்ணெய் பக்கம் திரும்புச்சு. எண்ணெயோட ஓட்டமும் வெளிச்சமும் கெடாம, மணியோட பிடிமானத்தை எப்படி அதுக்குள்ள கொண்டு வர்றது? இப்போ வர்ற செய்தி எதை எடுத்தாலும் இந்த கேள்விக்கு ஏதோ ஒரு பதில்தான்.

சரி பண்ற வழிகள்

*கலக்குற கையை திருத்துறது.* காசே ஆகாத வழி, அதனாலயே செய்தியில வராது. எண்ணெய் கனம், வெறும் தண்ணி லேசு, ரெண்டும் கலந்தா லேசானது மேல வர பாக்கும். அதனால மருந்தை வெறும் தண்ணியில கரைக்காம, ஸ்கேனுக்கு போடுற அயோடின் கான்ட்ராஸ்ட் திரவத்துல கரைச்சா அதுவும் எண்ணெய்க்கு சமமா கனமாயிரும், பிரியிறது மெதுவாகும். எண்ணெய் ரெண்டு மூணு பங்கு தண்ணி ஒரு பங்கு, முதல்ல மருந்து சிரிஞ்சை எண்ணெய்க்குள்ள தள்ளணும், எண்ணெயை மருந்துக்குள்ள இல்ல. இந்த வரிசை மாறுனா துளி எந்தப் பக்கம் உருவாகும்ங்கிறதே மாறிரும். கலந்ததும் உடனே போடணும். இதோட கையால தள்ளாம நுண்துளை உள்ள சவ்வு வழியா தள்ளுற சின்ன கருவிகளும் வந்திருக்கு, துளி ஒரே சைஸ்ல வரும்.

*துளிக்கு கவசம்.* சப்பாத்தி உருண்டையை காஞ்ச மாவுல புரட்டி வைக்கிறோம்ல, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க, அதே யோசனை. 1907ல பிக்கரிங்னு ஒரு இங்கிலாந்துக்காரர் எழுதுனதால பிக்கரிங் எமல்ஷன்னு பேரு, எண்ணெயும் தண்ணியும் சந்திக்கிற எல்லையில நுண்ணிய திடத்துகள் போய் உக்காந்துட்டா துளிகள் ஒண்ணோட ஒண்ணு சேர முடியாது. பிரான்ஸ்ல டேஸ்க்காக பிஎல்ஜிஏன்னு ஒரு பொருள்ல நானோ துகள் செஞ்சு இதை முயற்சி பண்ணிருக்காங்க, ஆபரேஷன்ல போடுற கரையிற தையல் நூல் ரகத்து பொருள்தான், உடம்புல தானா கரைஞ்சிரும். ஆய்வகத்துல எமல்ஷன் ரொம்ப நாள் நிக்குது, மருந்தும் மெதுவா வருது. இருக்குற வழிகள்லயே எனக்கு ரொம்ப புடிச்சது இது, ஏன்னா எண்ணெயை மாத்தல, மருந்தை மாத்தல, எல்லையை மட்டும் பலப்படுத்துறாங்க. ஆனா கவசம் கெட்டியாக ஆக கலவையும் கெட்டியாகும், மயிரிழை மாதிரி இருக்குற மைக்ரோகதீட்டர் வழியா தள்ளுற கைக்குத்தான் அந்த கஷ்டம் தெரியும்.

*எண்ணெய்க்கு ஏத்த மருந்து.* டாக்ஸோரூபிசின் தண்ணி பிரியன், எண்ணெய்க்குள்ள விருந்தாளி. அதுக்கு பதிலா கொழுப்போட ஒட்டுற இடாரூபிசின் மாதிரி மருந்து போட்டா? பிரான்ஸ்ல இந்த வழியில வேலை நடந்திருக்கு, ஆய்வகத்துல ஈரல் கேன்சர் செல்களை கொல்றதுல அது முன்னாடி நின்னுச்சு. இன்னொரு பக்கம் சீனாவுல சியாமென் பல்கலைக்கழகக் குழு, எண்ணெயில கரையாத பொருளையும் உயர் அழுத்த கார்பன் டை ஆக்சைடு முறையில பொடிச்சு லிப்பியோடால்ல சீரா கலந்து பிரியாம நிக்க வைக்கிறாங்க. ஐசிஜின்னு ஒரு ஒளிரும் சாயத்தை அப்படி கலந்துட்டா சிடி ஸ்கேன்லயும் தெரியும், அப்புறம் ஆபரேஷன் பண்ணும்போது கட்டியே மின்னி வழி காட்டும்.

*கதிர்வீச்சு எண்ணெய்.* எண்ணெய் எப்படியும் அயோடின் சுமக்குது, அந்த அயோடினையே கதிர்வீச்சு வகையா மாத்துனா என்னங்கிற யோசனை. அயோடின் 131 போட்டாங்க, ஆனா அதோட அரை ஆயுள் 8 நாள், நோயாளியை தனி ரூம்ல அடைச்சு வைக்கணும். ரீனியம் 188க்கு 17 மணி நேரம்தான், சர்வதேச அணுசக்தி முகமை ஆதரவுல நடந்த பன்னாட்டு ஆய்வுல இந்தியாவும் இருந்துச்சு. நல்ல யோசனை, பரவல.

*ஜெல், அதாவது நம்ம பாசி.* மண்டபம் பக்கம் எடுக்குற கட்டக்கோரையில இருந்து வர்றது ஆல்ஜினேட். அது சோடியம் உப்பா இருக்குறப்போ கூழ், கால்சியம் பட்டா கெட்டி. ஆல்ஜினேட் மணிகள் சீனாவுல ரத்தக்குழாய் அடைக்க ஏற்கனவே பயன்பாட்டுல இருக்கு, எண்ணெயோட ஜெல்லை சேத்து, உள்ள போறப்போ திரவம் போய் உக்காந்தப்புறம் ஜெல்லுன்னு ஆக்குற முயற்சி ஆய்வகங்கள்ல நடக்குது. மூணாவது சிக்கலுக்கு இது நேர் பதில். அதுக்காக சின்னப்பாலத்துல கழுத்தளவு தண்ணியில நின்னு கால்ல துணி சுத்தி பாசி எடுக்குற அக்காமாருக்கு நாளைக்கே கிலோவுக்கு கூட காசு வரப்போகுதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, மருந்து தரத்துக்கு வேண்டிய ஆல்ஜினேட் அளவு ரொம்ப சொற்பம்.

*சூழலை மாத்துறது.* பட்டினி கிடக்குற கட்டி லாக்டிக் அமிலத்தை சேத்து வச்சுக்கிட்டு அதுலயே தாக்குப்பிடிக்குது. சீனாவுல செஜியாங் குழு 2016ல வெளியிட்டது, டேஸோட சோடியம் பைகார்பனேட்டையும் தமனி வழியா கட்டிக்குள்ள விட்டா பதில் கூடுதுன்னு. அது ஆப்பசோடாவேதான். சின்ன சோதனை, பெரிய அளவுல உறுதியாகணும். இதைச் சொன்னதும் ஆப்பசோடாவை கலக்கி குடிக்கிற ஆளு கட்டாயம் இருப்பாங்க, வயித்துல போற சோடா கட்டிக்கு போகாது, ஈரல் சுருங்குனவங்களுக்கு அந்த சோடியம் வயித்து நீரைத்தான் ஏத்தும்.

யாரும் சத்தமா கேக்காத கேள்வி

மருந்தை பிடிச்சு வைக்க இவ்வளவு பாடு படுறாங்களே, அடைப்போட மருந்து சேந்ததால நிஜமாவே எவ்வளவு லாபம்? 2016ல நியூயார்க்ல 101 பேரை வச்சு வெறும் மணிக்கும் டாக்ஸோரூபிசின் மணிக்கும் போட்டி வச்சாங்க. பெரிசா வித்தியாசமே வரல. இதை வச்சு மருந்தே வேஸ்ட்னு முடிவு பண்ண முடியாது, அது மணி, எண்ணெய் இல்ல, ஆள் எண்ணிக்கையும் கம்மி. ஆனா "எங்க எண்ணெய்ல மருந்து ஏழு நாள் வருது"ன்னு யாராச்சும் மார்தட்டுனா அது ஆயுளா மாறுமான்னு தனியா நிரூபிக்கணும்னு இது காட்டுது.

அதே நேரத்துல பெரிய சோதனைகள் வேற திசையில போயிருச்சு. நாலாவது சிக்கல் இருக்குல்ல, புது லைன் போடுறது, அதை எண்ணெய்க்குள்ள தீக்காம வெளிய இருந்து ஊசி மாத்திரையா தீக்குறாங்க. எமரால்ட் 1ங்கிற சோதனையில டேஸோட துர்வாலுமாப்ங்கிற நோய் எதிர்ப்பு மருந்தையும் புது ரத்தக்குழாயைத் தடுக்குற பெவாசிசுமாப்பையும் சேத்தாங்க, நோய் முத்தாம இருந்த நடுமட்ட காலம் 8.2 மாசத்துல இருந்து 15 மாசம் ஆச்சு. லீப் 012ங்கிற சோதனையில அதே மாதிரி ஜோடியா லென்வாட்டினிப், பெம்ப்ரோலிசுமாப், அங்க 10 மாசத்துல இருந்து 14.6 மாசம். ரெண்டும் "முத்தாம இருந்த காலம்", மொத்த ஆயுள் இல்ல, ரெண்டையும் ஒண்ணா நினைச்சு படிச்சிறாதீங்க. பக்கவிளைவும் கூடத்தான் வந்துச்சு, விலையைப் பத்தி நம்ம ஊர்ல பேசவே வேண்டாம். பத்து மில்லி எண்ணெயை ஒழுங்கா கலக்குறதுக்கு ஆகுற செலவு அதுல ஒரு தூசி, அதனாலதான் எண்ணெய் ஆராய்ச்சி நமக்கு முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

செய்தியை படிக்கிறப்போ

முயலா மனுசனான்னு முதல்ல பாருங்க. எண்ணெய் ஆராய்ச்சியில பெரும்பகுதி முயலோட ஈரல்ல விஎக்ஸ்2ன்னு ஒரு கட்டியை நட்டு வச்சு பண்றது. அந்த கட்டி முயலோட சொந்த ஈரல் கேன்சரும் இல்ல, அந்த முயலுக்கு ஈரல் சுருக்கமும் இல்ல. நம்மாளுங்களுக்கு பாதி பிரச்சனையே கட்டியை சுத்தி இருக்குற கெட்டுப்போன ஈரல்தான், ஹெபடைடிஸ் பி, சி, சாராயம், இப்போ சர்க்கரையோட வர்ற கொழுப்பு ஈரல். முயல்ல ஜெயிச்சது இங்க வந்து ஏன் தோக்குதுன்னா பெரும்பாலும் இதான்.

அடுத்து, புதுசா சேத்த பொருளால எண்ணெயோட பழைய குணம் கெட்டுச்சான்னு பாருங்க, கதீட்டர்ல ஓடுதா, எக்ஸ்ரேல தெரியுதா, கிருமி நீக்குனப்புறமும் பிரியாம இருக்கா. ஆய்வகத்துல ஜெயிச்சு ஆஸ்பத்திரிக்கு வராம போனதுல நிறைய இங்கதான் மாட்டுது.

இங்க இருந்து போறவங்களுக்கு

ராமநாதபுரத்துல 2022ல அரசு மருத்துவக் கல்லூரி வந்துருச்சு, ஆனா டேஸ்க்கு ஆஞ்சியோ மெஷினும் அதுல பழகுன இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டரும் ஒண்ணா வேணும்ங்கிறதால பொதுவா மதுரைக்குத்தான் அனுப்புவாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா போறதுக்கு முன்னாடியே அங்க காப்பீட்டு கவுண்டர்ல இந்த சிகிச்சை பேரைச் சொல்லி கேட்டுக்கோங்க, ராமேஸ்வரத்துல இருந்து விடியக்காலம் கிளம்பி போய் "ஃபைல் அப்ரூவல் ஆகல"ன்னு திரும்புறது பெரிய அலைச்சல்.

டாக்டர்ட்ட கேக்க வேண்டியது: போர்ட்டல் சிரை திறந்திருக்கா, ஈரல் எந்த கிரேடு, எண்ணெயா மணியா, எண்ணெய்னா என்ன மருந்தோட, எத்தனை தடவை. டேஸ் ஒரு தடவையில முடியிறது குறைவு, ரெண்டு தடவை பண்ணியும் கட்டி அசையலைன்னா அதையே பிடிச்சுத் தொங்காம வேற மருந்துக்கு மாறுறதுதான் இப்போ வழக்கம், தொடர்ந்து அடைச்சா ஈரல்தான் கெடும்.

பண்ணி ஒரு மாசம் கழிச்சு வர்ற ஸ்கேன்ல ஒரு குழப்பம் வரும். எண்ணெய் சிடியில வெள்ளை, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டா உயிரோட இருக்குற கட்டியும் வெள்ளை. வெள்ளைக்கு மேல வெள்ளை, எது செத்தது எது மிச்சம்னு சிடியில பிரிச்சு சொல்றது கஷ்டம், அதனால எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லலாம், எண்ணெயோட வெள்ளை அதுல மறைக்காது. காசு புடுங்கத்தான் ரெண்டு ஸ்கேன்னு நினைச்சு விட்டுறாதீங்க. எண்ணெய் விடுறதுக்கு முன்னாடி எடுத்த படத்தோட சிடி தட்டு வீட்டுல பீரோவுல கிடக்கும், அதையும் கையோட எடுத்துட்டு போங்க, ரிப்போர்ட் பேப்பரை மட்டும் வச்சு ஒப்பிட முடியாது.